டீஜேயா, அகாடமியா, பக்கத்துப் பள்ளியா?

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு நண்பர் போன் செய்தார். "அண்ணே, பையனுக்கு ரெண்டும் கிடைச்சிருச்சு. எதுக்கு ஓகே சொல்றது?" குரலில் சந்தோஷத்தைவிடப் பதற்றம்தான் கூட இருந்தது. சில வருஷங்களுக்கு முன் என் பெண்ணுக்கு இதே கடிதங்கள் வந்தபோது நானும் இப்படித்தான் யாருக்கோ போன் செய்தேன். அன்று அவரிடம் கால்வாசிதான் சொல்ல முடிந்தது, மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது வடக்கு வர்ஜீனியாவில், லவுடன் கவுன்ட்டி என்கிற மாவட்டத்தின் ஆஷ்பர்ன் பக்கம். இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், வசந்தத்தில் முடிவு. பிள்ளையின் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது டீஜே, அதாவது பக்கத்துக் கவுன்ட்டியான ஃபேர்ஃபாக்ஸில் உள்ள தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. இரண்டாவது லீஸ்பர்க்கில் உள்ள அகாடமிஸ் ஆஃப் லவுடன், அங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் போக வேண்டும். மூன்றாவது, பிள்ளை எப்படியும் போக வேண்டிய வட்டாரப் பள்ளி. அதை இங்கே 'ஹோம் ஸ்கூல்' என்கிறார்கள். வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்துவதற்கும் அதே பெயர்தான். ஊரிலிருந்து வந்த என் மாமியார், பேத்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டிலேயே படிக்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

டீஜே மாதிரிச் சிறப்புப் பள்ளிகளைப் பேச்சில் மேக்னட் பள்ளி என்பார்கள், அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. நிறவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகளைக் கலக்க, பிள்ளைகளைக் கட்டாயமாகப் பஸ்ஸில் ஏற்றி வேறு வட்டாரத்துக்கு அனுப்பிய காலம் அது. கட்டாயப்படுத்துவதற்குப் பதில், ஒரு பள்ளியில் சிறப்பான பாடத்திட்டம் வைத்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் பெற்றோர் தாங்களாகவே வருவார்கள், காந்தம் மாதிரி இழுக்கும் என்ற யோசனை வந்தது. 1968-ல் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவில் மெக்கார்வர் தொடக்கப் பள்ளிதான் முதலில் இதைச் செய்தது. இன்று நம்மவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு 'கெட்டிக்காரப் பிள்ளைகள் போகிற பள்ளி' என்றுதான் அர்த்தம். டீஜேயைக் காகிதத்தில் கவர்னர்ஸ் ஸ்கூல், அதாவது மாநிலச் சிறப்புப் பள்ளி என்பார்கள், பேச்சில் அதுவும் மேக்னட்தான்.

நண்பரின் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவருமே அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கவுன்சிலிங்கில் உட்கார்ந்து எழுந்தவர்கள். எதிரே திரையில் கல்லூரிப் பெயர்கள், பக்கத்தில் மிச்சமிருக்கும் சீட்டுகள் குறைந்துகொண்டே வரும். நம் முறை வரும்போது பட்டியலில் மேலே எது காலியோ அதை எடுக்க வேண்டும். கிண்டி இருந்தால் கிண்டி. பக்கத்தில் அப்பா வேர்த்து வழிந்துகொண்டிருப்பார். அந்தப் பழக்கம் இத்தனை வருஷம் கழித்தும் கையை விட்டுப் போகவில்லை. டீஜே மேலே, அகாடமி நடுவில், ஹோம் ஸ்கூல் கீழே என்று மனசுக்குள் ஒரு திரை ஓடுகிறது. கிடைத்த சீட்டை விட்டுவிட்டு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்றும் தோன்றுகிறது.

இது கவுன்சிலிங் இல்லை. இந்த மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கிற படிகள் இல்லை, பிள்ளையின் ஒரு நாளை மூன்று விதமாக வெட்டுகிற ஏற்பாடுகள். அதனால் நான் முதலில் பள்ளியைப் பற்றிப் பேசுவதில்லை, பஸ்ஸைப் பற்றித்தான் பேசுவேன்.

ஆஷ்பர்னிலிருந்து டீஜே சுமார் 30 மைல். கட்டணம் கிடையாது, நம் பிள்ளைகளுக்கான பணத்தை லவுடன் கவுன்ட்டி ஃபேர்ஃபாக்ஸுக்குக் கட்டிவிடுகிறது, பஸ்ஸும் விடுகிறது. ஆனால் அந்த பஸ் வாஷிங்டனைச் சுற்றும் பெல்ட்வே நெடுஞ்சாலையின் நெரிசலில் போய்ச் சேர வேண்டும். ஜனவரி மாதம் ஒரு நாள் விடியுமுன் அந்த ஸ்டாப் வழியாகப் போயிருக்கிறேன். இருட்டில் பத்துப் பன்னிரண்டு கார்கள் எஞ்சினை அணைக்காமல் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, கண்ணாடியில் ஆவி. பின் சீட்டில் ஒரு பையன் வாய் திறந்து தூங்குகிறான், மடியில் பாதி தின்ற சப்பாத்தி ரோல். அவன் அம்மா நைட்டிக்கு மேல் குளிர் கோட்டு போட்டபடி ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். அதே நேரத்தில் ஹோம் ஸ்கூல் போகிற பிள்ளைகள் இன்னும் படுக்கையில். லவுடனில் உயர்நிலைப் பள்ளிகள் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகின்றன.

போகவும் வரவும் சேர்த்து நாளுக்கு இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 180 நாள், நாலு வருஷம். 1,800 மணி நேரம் வருகிறது, முழுசாக 75 நாள். பஸ்ஸில் ஹோம்வொர்க் செய்துவிடுவான் என்று எல்லாரும் சொல்கிறோம். சிலர் செய்கிறார்கள். பலர் தூங்குகிறார்கள், அதுவும் நல்லதுதான். 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கத்தின் கணக்கு. அந்த எட்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்பதைக் கடிதம் வந்த இரவே காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். கிரிக்கெட், பரதநாட்டியம், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அவற்றில் எதை விடப்போகிறோம் என்று அப்போதுதான் தெரியும். பள்ளி முடிந்த பிறகு தங்குகிறவர்களுக்கான லேட் பஸ்ஸைத் தவறவிட்டால் நாம்தான் ஓட்ட வேண்டும், கிரீன்வே என்கிற கட்டணச் சாலை வழியாகப் போனால் அந்த ஒரு துண்டுக்கே 5 டாலருக்கு மேல் டோல்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, டீஜே எதற்கு என்று கேட்டால், காரணம் இருக்கிறது. 1985-ல் தொடங்கிய பள்ளி. 1988-லேயே ஒரு போட்டியில் சூப்பர் கம்ப்யூட்டரை வென்று வந்த மாணவர்கள் அவர்கள். 2013 நவம்பரில் அந்தப் பிள்ளைகள் கட்டிய சின்னஞ்சிறு செயற்கைக்கோள் வர்ஜீனியாக் கடற்கரையிலிருந்து ராக்கெட்டில் ஏறிப் போனது. பள்ளி மாணவர்கள் கட்டி விண்ணுக்குப் போன முதல் செயற்கைக்கோள் அது. ஒன்பதாம் வகுப்பில் உயிரியல், ஆங்கிலம், தொழில்நுட்பம் மூன்றையும் ஒரே குழுவாகச் சேர்த்து நடத்துகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து சொந்தமாக ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். வானியல், கடலியல், நரம்பியல், ரோபாட்டிக்ஸ் என்று தனித்தனிக் கூடங்கள். கால்குலஸ் பி.சி. என்கிற கல்லூரித் தரக் கணக்குப் பாடத்தைப் பத்தாம் வகுப்பிலேயே முடித்துவிடுகிற பிள்ளைக்கு அதற்கு அப்புறமும் வகுப்பு இருக்கிறது: மல்ட்டிவேரியபிள், லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் வரை. அந்த வகுப்பில் கூட உட்கார இருபது பிள்ளைகளும் இருப்பார்கள். எனக்கு அந்த இருபது பேர்தான் டீஜேயின் பெரிய விஷயமாகப் படுகிறது. பாடத்தை எங்கிருந்தும் கற்கலாம். மதியச் சாப்பாட்டு மேஜையில் தன்னைவிடப் பைத்தியமான நாலு பேர் கிடைப்பதுதான் அபூர்வம்.

அந்த நாலு பேரே சில பிள்ளைகளுக்குச் சுமை. எட்டாம் வகுப்பு வரை வகுப்பில் முதலாவதாக இருந்தவர்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் வந்து சேரும்போது, பாதிப் பேர் முதல் முறையாகப் பாதிக்குக் கீழே போகிறார்கள். இது கணக்கு, யாரும் தப்ப முடியாது. ஒரே அளவு திறமை உள்ள பிள்ளை, கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் தன்னைக் குறைவாகவும் சாதாரணப் பள்ளியில் உயர்வாகவும் மதிப்பிடுகிறது என்று ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980-களிலிருந்தே காட்டி வருகிறார். நம் பழமொழி இதை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது: ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கேலியாகத்தான் சொல்வோம், ஆனால் பதினான்கு வயதில் கொஞ்ச நாள் சர்க்கரையாக இருப்பதில் தப்பொன்றும் இல்லை. முதல் சி கிரேடு வந்த இரவில் உங்கள் பிள்ளை என்ன செய்யும் என்று யோசியுங்கள். முறைத்துக்கொண்டு மறுநாள் டீச்சரிடம் போய்க் கேட்கிற ரகமா, கதவைச் சாத்திக்கொள்கிற ரகமா?

கிடைக்காத பிள்ளைகளுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-ல் டீஜே நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்துவிட்டது. இப்போது சுமார் 550 இடம். ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் உறுதி, மீதி இடங்களுக்குப் பொதுப் போட்டி. குறைந்தது 3.5 ஜி.பி.ஏ. (பள்ளி கிரேடுகளின் சராசரி), பிறகு கட்டுரைகள். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள மறுத்தது. இதில் யார் சரி என்று தமிழ்ச் சங்கப் பாட்லக்கில் பேச ஆரம்பித்தால் பாயசம் ஆறிவிடும். கணக்கை மட்டும் பாருங்கள். எட்டாம் வகுப்பில் 400 பேர் இருக்கும் பள்ளிக்கு உறுதியான இடம் ஆறு. நம்மவர்கள் அடர்த்தியாக இருக்கும் ஆஷ்பர்ன் பள்ளி ஒன்றில் அந்த ஆறுக்கு எத்தனை பேர் முட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கடிதம் பிள்ளையின் மூளையை மட்டும் அளப்பதில்லை, நீங்கள் எந்தத் தெருவில் வீடு வாங்கினீர்கள் என்பதும் அதில் இருக்கிறது.

சரி, அகாடமிக்கு வருவோம். 2018-ல் லீஸ்பர்க்கில் திறந்த கட்டடம். உள்ளே மூன்று பிரிவுகள்: ஏஓஎஸ் என்கிற அறிவியல் அகாடமி, ஏஇடி என்கிற பொறியியல் அகாடமி, அப்புறம் சமையல், ஆட்டோ, நர்சிங் மாதிரித் தொழில் படிப்புகள் கற்றுத்தரும் மன்றோ. நம்மவர்கள் முதல் இரண்டைத்தான் பேசுவார்கள். ஒரு நாள் அங்கே போய் அறிவியலும் கணக்கும் ஆய்வும் படித்தால், மறுநாள் ஹோம் ஸ்கூலில் ஆங்கிலம், வரலாறு, மொழி, ஆர்கெஸ்ட்ரா. டிப்ளமோ, அதாவது பள்ளி முடித்த சான்றிதழ், ஹோம் ஸ்கூலுடையது. விளையாட்டு அணியும் அங்கேதான். ஆஷ்பர்னிலிருந்து பத்து மைலுக்குள் முடிந்துவிடுகிற பயணம்.

என் பெண் ஏஓஎஸ் போனாள். இரண்டு கடிதமும் வந்து, ஒரு வாரம் வீட்டில் மௌனம். நான் டீஜேக்குச் சாய்ந்தேன், என் மனைவி பஸ்ஸுக்குப் பயந்தாள். கடைசியில் பெண் சொன்ன காரணம் எங்கள் பட்டியலிலேயே இல்லை: "ஆர்கெஸ்ட்ரால என் ஸ்டாண்ட் பார்ட்னர் அங்கதான் இருக்கா." வயலினுக்காக விஞ்ஞானத்தை விடுகிறாளே என்று எனக்குக் கோபம். இப்போது நினைத்தால், அவளுக்குத் தன் நாள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஏஓஎஸ்ஸில் கடைசி இரண்டு வருஷமும் ஒரே ஆய்வு ஓடும். அவள் எடுத்தது பாசி. எங்கள் சமையலறை ஜன்னலில் ஊறுகாய் ஜாடி மாதிரி ஆறு பிளாஸ்டிக் டப்பா, ஒவ்வொன்றிலும் பச்சைத் தண்ணீர், மூடியில் மார்க்கரில் தேதி. ரசம் கொதிக்கும்போதுகூட அந்தக் குளத்து வாடை மேலே வரும். இரண்டு முறை மொத்தமும் செத்துப் பழுப்பாகிவிட்டது. இரண்டாவது முறை அவள் அழவில்லை. டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெயில் ஜாஸ்தி" என்று சொல்லி அடுத்த ஜன்னலுக்கு மாற்றினாள். அந்த வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு பாடும் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு டீஜேதான் போக வேண்டும் என்றில்லை.

குறையும் உண்டு. இரு இடத்தில் வாழ்கிற பிள்ளை இரண்டுங்கெட்டானாக உணர்கிற நாட்கள் வரும். சார்ஜர் அங்கே, நோட்டு இங்கே. ஹோம் ஸ்கூலில் ஏதாவது கொண்டாட்டம் என்றால் அன்று பார்த்து அகாடமி நாளாக இருக்கும். எட்டு வகுப்பில் பாதி முன்பே நிரம்பிவிடுவதால், மொழியும் இசையும் வேண்டும் என்கிற பிள்ளை உடற்கல்வியைக் கோடை விடுமுறையில் ஆன்லைனில் முடிக்கும். ஆன்லைனில் ஓட்டப்பயிற்சியா என்று சிரிக்காதீர்கள், என் பெண் தெருவில் ஓடி ஓடி நிமிஷக் கணக்கு எழுதினாள்.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் போன் செய்து கேட்பதில்லை. அது வருத்தம்தான், ஏனென்றால் லவுடன் உயர்நிலைப் பள்ளிகள் சாதாரணமானவை இல்லை. ஏ.பி. என்கிற கல்லூரித் தர வகுப்புகள் நிறைய. நோவா என்கிற சமுதாயக் கல்லூரியுடன் சேர்ந்து, பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கிற டூயல் என்ரோல்மென்ட் வகுப்புகளில் எடுக்கும் கிரெடிட்டை வர்ஜீனியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோகலாம். இன்னும் எது பிடிக்கும் என்றே தெரியாத பிள்ளைக்கு, நாடகமும் விவாதமும் பாஸ்கெட்பாலும் மாறி மாறி முயன்று பார்க்க நேரம் கொடுக்கிற ஒரே வழி இதுதான். பதினான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இந்த ரகம்தான், நாம்தான் ஒத்துக்கொள்வதில்லை.

கல்லூரி? எல்லாரும் கடைசியில் அங்கேதான் வருவோம். டீஜேயில் படித்தால் பெரிய பல்கலைக்கழகம் நிச்சயம் என்று ஒரு கட்சி. டீஜேயில் போட்டி அதிகம், ஹோம் ஸ்கூலில் முதலாவதாக இருந்தால் யூ.வி.ஏ. என்கிற வர்ஜீனியா பல்கலைக்கழகம் சுலபம் என்று இன்னொரு கட்சி. பல்கலைக்கழகம் விண்ணப்பத்தைப் பள்ளியின் விவரக் குறிப்போடு சேர்த்துத்தான் படிக்கிறது, அந்தப் பள்ளியில் என்ன கிடைத்தது, அதில் பிள்ளை எதை எடுத்தது என்று. அதனால் இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு, இரண்டையும் நம்பிப் பள்ளி தேர்ந்தெடுக்கக் கூடாது. ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பாதக் முதலான பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்-ஆஃப் கோட்டை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தேர்வு மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 'படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும்' என்று ஊரில் சொல்வார்களே, அதற்கு இது கொஞ்சம் பக்கபலம். ஆனால் கோட்டின் ஓரத்தில் நிற்கிறவர்களைப் பற்றிய ஆய்வு அது. கணக்கே உலகமாக இருக்கிற பிள்ளைக்கு அடுத்த வகுப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. மதிப்பெண்ணைத்தான் அளந்தார்கள், மதியச் சாப்பாட்டு மேஜையை யாரும் அளக்கவில்லை.

என்னைக் கேட்டால், லவுடனில் இருக்கிற, அறிவியலில் உண்மையான ஆர்வம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு அகாடமிதான் என்று சொல்வேன். ஆய்வும் உண்டு, தூக்கமும் உண்டு. ஃபேர்ஃபாக்ஸில் டீஜேக்கு இருபது நிமிஷத் தூரத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நாம் வாங்கிய வீடு இங்கே.

ஆனால் நண்பரின் பையனுக்கு நான் டீஜே என்றேன். போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி, போன சனிக்கிழமை யாரும் சொல்லாமல் என்ன செய்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "பழைய பிரின்டரைப் பிரிச்சேன் அங்கிள். உள்ள ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும்" என்றான். எதற்கு என்றால், இன்னும் தெரியாதாம், எடுத்து வைத்திருக்கிறானாம். பின்னால் அவன் அம்மா, "ஹால் முழுக்க ஸ்க்ரூ அண்ணா, வேக்யூம் போட முடியல" என்றார். அந்த ஆய்வுக்கூடங்கள் இவனுக்காகக் கட்டியவை.

இருந்தாலும் பதில் சொல்லும் முன் ஒரு ஒத்திகை பார்க்கச் சொன்னேன். நிஜ பஸ் நேரத்துக்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டு, அந்த ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். ஒரு நாள் இல்லை, தொடர்ந்து நாலு நாள், ஏனென்றால் முதல் நாள் யாரும் உற்சாகமாக எழுந்துவிடுவார்கள். மூன்றாவது நாள் அவன் எழவில்லையாம், நாலாவது நாள் தானே எழுந்தானாம். போதும் என்றேன். ஒத்துவரவில்லையென்றால் ஹோம் ஸ்கூலுக்குத் திரும்பலாம், கதவு திறந்தேதான் இருக்கும், வருஷ நடுவில் மட்டும் வேண்டாம். இன்று வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்கு விண்ணப்பிக்க இன்னொரு வாய்ப்பு உண்டு, இடம்தான் குறைவு.

நண்பரின் மனைவிக்கு ஒரே கேள்விதான் பாக்கி இருந்தது: பஸ்ஸை விட்டுவிட்டால் யார் கொண்டுபோய் விடுவது? அவர்கள் தெருவிலேயே, டீஜே இருக்கிற பக்கமான அலெக்ஸாண்ட்ரியாவில் ஆபீஸ் உள்ள ஒருவர் இருக்கிறார், ஆறரைக்கே கிளம்பிவிடுவார். அவர் நம்பரை அனுப்பிவைத்தேன்.